டாக்சிஜன் ஆவணத்தில் காமென்ட்டுகளை வெளிர்சாம்பலாக்கலாமா?

கேள்வி இது: சி மொழி நிரலுக்கு, நிரலிலிருந்தே ஆவணம் உருவாக்கும் கருவியான டாக்சிஜன் வழியாக ஆவணப் பக்கங்கள் தயாரிக்கிறீர்கள். நிரல் எழுதும் எடிட்டரில் இருப்பதுபோலவே அந்தப் பக்கங்களிலும் காமென்ட்டுகளை (நிரலுக்குள் மனிதர் படிப்பதற்காக எழுதும் குறிப்புகளை) வெளிர்சாம்பலில், சாய்வெழுத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

செய்ய வேண்டாம். நாங்கள் செய்து பட்டிருக்கிறோம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எடிட்டரில் காமென்ட் மங்கலாக இருப்பதில் நியாயம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கோப்பு பழக்கமானது. பிழை தேடுகிறார், ஒரு வரியை மாற்றுகிறார். நான்கு மாதத்துக்கு முன் தானே எழுதிய விளக்கம் கண்ணைப் பிடித்து இழுத்தால் அவருக்கு இடைஞ்சல்தான். ஆவணப் பக்கத்துக்கு வருகிறவர் வேறு ஆள். அவருக்கு இந்த நிரல் புதிது. செயற்கூற்றின் பெயரையும் வகையையும் அவரே படித்துக்கொள்வார். எந்த அலகில் மதிப்பைக் கொடுப்பது, எதை முதலில் அழைப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதைக் காமென்ட்தான் சொல்ல வேண்டும். அதைத் தேடித்தான் வந்திருக்கிறார்.

நான் வேலை பார்த்த இடத்தில் தண்ணீர் மோட்டாருக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்தோம். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் அதை நிறுத்தும் பாதுகாப்பு ஒன்று உண்டு; களத்தில் எல்லோரும் அதை டிரை ரன் என்பார்கள். தண்ணீர் குழாயில் ஏறும்வரை மோட்டார் சுமையில்லாமல்தான் ஓடும் என்பதால், சிறிது நேரம் பொறுத்த பிறகே அந்தப் பாதுகாப்பு விழிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை அமைப்பு விவரத்தில் ஓர் எண்ணாகக் கொடுப்போம். அந்த வரியின் ஓரத்தில் ///< என்று தொடங்கி 'மில்லிவினாடி' என்று காமென்ட் இருந்தது.

புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் டாக்சிஜன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மதிப்புகளை நிரப்பினார். 30 என்று போட்டார். சோதனை மேசையில் மோட்டாரைப் போட்டதும் 'டக்' என்று ரிலே விழுந்து மோட்டார் நின்றது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. பிற்பகல் முழுவதும் சென்சாரையும் வயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மாலையில் அவர், "அக்கா, 30 வினாடிதானே கொடுத்திருக்கிறேன், அது போதாதா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கொடுத்திருந்தது 30 மில்லிவினாடி. "காமென்ட்டைப் பார்க்கவில்லையா?" என்றேன். "எந்தக் காமென்ட்?" என்று திரையை என் பக்கம் திருப்பினார். அந்த வரியில் காமென்ட்டே இல்லை.

அவர் மேல் தவறில்லை. டாக்சிஜனில் ஸ்ட்ரிப்_கோட்_காமென்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நாம் தொடாமல் விட்டால் அது 'ஆம்' என்றே இருக்கும். மூலநிரலைக் காட்டும் பக்கங்களில், டாக்சிஜனுக்கென்றே எழுதிய சிறப்புக் காமென்ட்டுகளை (/** என்றும் /// என்றும் தொடங்குபவை) அது நீக்கிவிடும். // என்று எழுதிய சாதாரணக் காமென்ட் அப்படியே நிற்கும். விளக்கம் வேறு பக்கத்தில் அழகாக அச்சாகிறதே, இங்கே எதற்கு இரண்டாவது முறை என்பது அதன் கணக்கு. ஆனால் விளைவு தலைகீழ்: முக்கியம் என்று நினைத்து மூன்று கோடு போட்ட காமென்ட் மறைகிறது, போகிற போக்கில் இரண்டு கோடு போட்டது தெரிகிறது. மூலநிரல் பக்கத்தை மட்டும் திறந்து படிப்பவருக்கு ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற தடயம்கூட இருக்காது.

அதை 'இல்லை' என்று மாற்றினோம். பக்கங்கள் நீண்டன, பெரிய விளக்கங்கள் இரண்டு இடத்தில் வந்தன. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. அலகை மாறியின் பெயரிலேயே சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தோம். ஆனால் எல்லா எச்சரிக்கையையும் பெயருக்குள் அடைக்க முடியாது.

நிறத்தின் சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. திரும்பி வந்த காமென்ட்டுகள் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் எங்கள் சிஎஸ்எஸ் கோப்பின்படி #999999 என்ற சாம்பலில், சாய்வாக வந்தன. என் 24 அங்குலத் திரையில் நேர்த்தியாகவே இருந்தது. சோதனைக்கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழும் பழைய மடிக்கணினியில், ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த எங்கள் மூத்த தொழில்நுட்பர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குள் முகத்தைப் புதைத்துப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே அந்த வரியை அழித்தேன்.

இதில் ரசனைச் சண்டை தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். இணைய அணுகுதன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.0 நெறிமுறை 2008-இல் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது அதன் இரண்டாம் நிலை விதி. வெள்ளையில் #999999 வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 2.85. டாக்சிஜன் தானாகத் தரும் காமென்ட் நிறமோ #800000, அடர்சிவப்பு. வெள்ளையில் அதன் விகிதம் 10-ஐத் தாண்டுகிறது. டிமிட்ரி வான் ஹீஷ் 1997-இல் முதலில் வெளியிட்ட இந்தக் கருவியின் தோற்றத்தைப் பழசு என்று பலர் குறை சொல்வார்கள். காமென்ட் நிறத்தில் மட்டும் அது நம் 'நேர்த்தியான' மாற்றத்தைவிட எவ்வளவோ மேல். பைத்தான் உலகின் ஆவணக் கருவியான ஸ்ஃபிங்க்ஸில் அதே பெயருள்ள பழைய நிறத்தொகுப்பு, வெளிர்பச்சைப் பின்னணியில் #408090 என்ற நீலப்பச்சையைச் சாய்வாக வைக்கிறது. நான் கணக்கிட்டதில் 4.2 வந்தது, கோட்டுக்குச் சற்றுக் கீழே.

ஒரு எச்சரிக்கை: 1.9.5 பதிப்பிலிருந்து டாக்சிஜனில் இருண்ட தோற்றமும் உண்டு. வாசகரின் உலாவி இருண்ட தோற்றத்தை விரும்பினால் பக்கமும் அப்படி மாறலாம். உங்கள் சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு நிறத்தை அழுத்தி எழுதிவைத்தால், பகலில் பளிச்சென்று இருக்கும் அதே அடர்சிவப்பு கருப்பில் காணாமல் போகும். இரண்டு தோற்றத்துக்கும் தனித்தனியே நிறம் கொடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை கோ மொழியின் ஆவணப் பக்கங்களுடையது. அங்கே ஒரு வகையின் அறிவிப்பைத் திறந்து பாருங்கள். குறிச்சொல், எண், சரம் எதற்கும் தனி நிறம் கிடையாது, எல்லாம் ஒரே நிறம். காமென்ட் மட்டும் பச்சை. அந்தப் பக்கத்தில் படிக்கவேண்டியது எது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ரஸ்ட் மொழியின் ஆவணக் கருவி வேறு விதமாகப் பிரிக்கிறது: மூலநிரல் பக்கத்தின் வெளிர் தோற்றத்தில் சாதாரணக் காமென்ட் வெளிர்சாம்பல், ஆவணக் காமென்ட் அடர்சாம்பல். இரண்டும் ஒரே தரமல்ல என்பதை ஒத்துக்கொள்கிற இந்த முறையை நீங்களும் யோசிக்கலாம்.

நிறம் சரியாக விழாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எடிட்டருக்கு முழுக் கோப்பும் தெரியும். ஆவணக் கருவிக்குப் பல நேரம் நறுக்கிய துண்டுதான் கிடைக்கிறது. ஸ்ஃபிங்க்ஸில் ஒரு கோப்பின் 40 முதல் 60 வரையிலான வரிகளை எடு என்று எழுதிவைத்திருப்போம். யாரோ கோப்பின் தலையில் நான்கு வரி சேர்ப்பார்கள். துண்டு இப்போது ஒரு காமென்ட்டின் நடு வயிற்றில் தொடங்கும். தொடக்கத்து /* வெட்டுப்பட்டுவிட்டதால், நிறம் பிரிக்கும் பிக்மென்ட்ஸ் நூலகம் அந்த ஆங்கில வாக்கியத்தை நிரல் என்றே எடுத்துக்கொள்ளும். வாக்கியத்துக்குள் இருக்கும் 'இஃப்', 'ஃபார்', 'ரிட்டர்ன்' எல்லாம் குறிச்சொல் நிறத்தில் தடித்து நிற்கும். வரி எண்ணை நம்பாமல், கோப்புக்குள்ளேயே தொடக்க அடையாளமும் முடிவு அடையாளமும் காமென்ட்டாக வைத்து, அவற்றுக்கு இடைப்பட்டதை எடுக்கச் சொல்லுங்கள். டாக்சிஜனிலும் ஸ்னிப்பெட் கட்டளை இதே வேலையைச் செய்கிறது.

இதே வேரிலிருந்து வரும் தொல்லைதான் காமென்ட்டுக்குள் காமென்ட். /** என்று தொடங்கிய விளக்கத்துக்குள் எடுத்துக்காட்டு நிரல் எழுதி, அதற்குள் /* */ போட்டால் முதல் */ வந்த இடத்திலேயே, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மொத்த விளக்கத்தையும் முடித்துவிடும். ஜாவாவில் 2022-இல், 18-ஆம் பதிப்பில், விளக்கத்துக்குள் எடுத்துக்காட்டு நிரல் வைப்பதற்கான ஸ்னிப்பெட் குறி சேர்த்தபோதும் இந்தக் கட்டுப்பாடு தொடர்ந்தது. அத்தகைய எடுத்துக்காட்டைத் தனிக் கோப்பில்தான் வைக்க வேண்டியிருந்தது. 2024-இல் வந்த 23-ஆம் பதிப்பில் வரிக்கு வரி /// இட்டு எழுதும் முறை வந்த பிறகு அந்தச் சிக்கல் விலகியது. சியிலும் டாக்சிஜனுக்காக /// முறையில் எழுதினால் உள்ளே தாராளமாக /* */ வைக்கலாம்.

கடைசியாகச் சாய்வெழுத்து. சோதனைக்கூடத்தார் வசதிக்காகச் சில காமென்ட்டுகளைத் தமிழில் எழுதுவோம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேர் எழுத்தை அப்படியே ஒரு பக்கம் தள்ளிச் சாய்க்கிறது. 'மின்னோட்டம் நிலைப்படும்வரை காத்திரு' என்ற வரியைச் சிறிய அளவில் அப்படிப் பார்த்தேன். ணகர, னகரச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே இருக்கும் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. காமென்ட் வகுப்புக்குச் சாய்வை நீக்கி நேர் எழுத்தாக்கி, அளவையும் வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டினோம். ஆங்கிலக் காமென்ட்டுக்கும் அதனால் குறையொன்றும் வரவில்லை.

சிஎஸ்எஸ்ஸைத் தொடுவதற்கு முன் உங்கள் டாக்சிஜன் அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த ஸ்ட்ரிப் வரி 'ஆம்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூலநிரல் பக்கம் ஒன்றையும் அசல் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காமென்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு நிறம் தேர்ந்தெடுக்க உட்காரலாம்.