மனு வாங்கும் படமும் மின்கட்டண விசாரணையும்

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. தம்மைப் பார்க்க வருகிறவர்களுடன் எடுத்த படங்களை அன்றாடம் முகநூலில் போடுகிறார். இடையிடையே மின்கட்டண உயர்வைக் கண்டித்தும் எழுதுகிறார். மக்களோடு இப்படித் தொடர்பில் இருப்பது பாராட்டத்தக்கது அல்லவா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வருகிறவர்களை வாசலில் காக்க வைக்காமல் பார்க்கிறார் என்றால் பாராட்டலாம். ஆனால் வாங்கிய மனு என்ன ஆயிற்று? இத்தகைய படங்களில் இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நடுவில் மனு விரிந்திருக்கிறது. பெரிதாக்கினால் கொடுத்தவரின் முகவரியும் கைப்பேசி எண்ணும்கூடப் படிக்கக் கிடைக்கின்றன. அவர் தெருவின் குறைந்த மின்னழுத்தம் சரியானதா என்பதை மட்டும் பிறகு எவரும் பதிவிடுவதில்லை.

மின்கட்டண விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. இதை எழுதித்தான் இந்தப் பக்கத்தில் முன்பும் சிலரது கோபத்துக்கு ஆளானேன். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 64-ஆம் பிரிவின்படி, கட்டணத்தை நிர்ணயிக்குமுன் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்தாக வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் நடந்த விசாரணைகளில் சிறுதொழில் சங்கத்தாரும் நுகர்வோர் அமைப்பினரும் நேரில் வந்து பேசினார்கள். செப்டம்பர் 10-இல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அத்துடன், ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மிகாமல், 2026-27 வரை உயர்த்திக்கொள்ளவும் அதே ஆணை வழிசெய்துவிட்டது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் கூடியதும் கண்டனப் பதிவு போட்ட சட்டமன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர், அது தீர்மானமான 2022-இல் ஒரு பக்க ஆட்சேபமாவது எழுதிக் கொடுத்தார்கள்?

சட்டமன்றத்திலும் இதே கேள்வி எழுகிறது. வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தால், அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி அதற்கான தொகையை மின் நிறுவனத்துக்கு அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். செலுத்தியாயிற்றா, நிலுவை எவ்வளவு என்று எரிசக்தித் துறையின் செலவுக்கு அவை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கையின்போது அமைச்சரிடம் அவையில் கேட்க நமக்கு இடமில்லை, எம்.எல்.ஏ.வுக்கு உண்டு. அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரவும் அவரால் முடியும். அவர் கேட்டிருந்தால், அந்த அவைக்குறிப்பின் ஒரு பக்கத்தை முகநூலில் போடட்டும். நூறு படங்களைவிட அதை நான் மதிப்பேன்.

2026-27-க்குப் பிந்தைய கட்டணத்தை நிர்ணயிக்க ஆணையம் மீண்டும் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.வைச் சந்திக்கப் போனால், அப்போது என்ன எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.