பாய்மரப் படகின் பக்கங்களில் அழுக்குக் கோடுகள்: கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது வெள்ளை நிற ஃபைபர் படகு. கழுவிய கொஞ்ச நாளிலேயே பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் விழுகின்றன. கடல் தண்ணீர் அவ்வளவு அழுக்கா?

பதில்: கடலில் குற்றமில்லை. அது உங்கள் டெக்கிலிருந்து, அதாவது படகின் மேல்தளத்திலிருந்து, இறங்கும் அழுக்கு. தூசி, புகைக்கரி, பறவை எச்சம் எல்லாம் அங்கே படிந்து கிடக்கும். பெருமழை வந்தால் மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விடும். தொல்லை தருவது தூறலும் பனியும்தான். அந்தக் கொஞ்சத் தண்ணீர் அழுக்கைச் சுமந்துகொண்டு ஓரம்வரை வரும், பக்கத்தில் பாதி தூரம் இறங்குவதற்குள் காய்ந்துவிடும். அழுக்கு அங்கேயே தங்கிவிடும். தினமும் அதே வழியில் இறங்குவதால் கோடு கறுத்துக்கொண்டே போகும். ஒரு கோட்டைப் பிடித்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். வடிகால் துளை, கம்பிக் காலின் (ஓரத்துக் கம்பியைத் தாங்கி நிற்கும் சின்னத் தூண்) அடி, ஜன்னல் மூலை என்று ஓர் இடத்தில் முடியும். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: என் படகில் எல்லாக் கோடுகளும் வடிகால் துளைக்குக் கீழேதான். துளையை அடைக்கவா முடியும்?

பதில்: அடைக்கவே கூடாது. துளையின் கீழ் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மூக்கு ஒன்றைப் பொருத்துங்கள். விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதை ஒட்டிக்கொண்டு வளைந்து பக்கத்தில் இறங்கிவிடும். கூர்மையான விளிம்பு வெளியே நீண்டிருந்தால் சொட்டு அங்கேயே அறுந்து கடலில் விழும். கூடவே டெக்கை அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டு, தாராளமாக, அலசிவிடுங்கள். மேலே அழுக்கு இல்லையென்றால் கீழே கோடும் இல்லை.

கேள்வி: பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டு அழுத்தித் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மேலே பளபளப்பது ஜெல்கோட், அதாவது ஃபைபரின் மேலுள்ள பிசின் பூச்சு. சாதாரணமாக அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். பொடி அதில் கீறல் போடும், அடுத்த அழுக்கு அந்தக் கீறலில் இன்னும் ஆழமாக உட்காரும். மெலமைன் ஸ்பாஞ்சும் மென்மையாகத் தெரிந்தாலும் உரசி எடுக்கும் பொருள்தான், மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். படகுக்கான சோப்பும் மெல்லிய துணியும் முதலில் போதும். கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குச் சோப்புத் தண்ணீர் காய்ந்த பரப்பில் வழிந்து புதுக் கோடு போடும்.

கேள்வி: சோப்பில் கறுப்பு போகிறது. ஆனால் படகின் முன்பக்கமான அணியத்தில் நீர்மட்டத்தை ஒட்டி மஞ்சள் கறை, கம்பிக் காலடியில் துருக்கறை. இரண்டும் அசையவில்லை.

பதில்: இவை வேறு இனம். இலைதழை ஊறிய தண்ணீரால் வரும் மஞ்சளுக்கும், துருவுக்கும் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கறைநீக்கி சரிப்படும். தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, நிறையத் தண்ணீரால் அலசுங்கள். தேய்க்கத் தேவையே இருக்காது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

கேள்வி: கோடு போய்விட்டது. மெழுகு பூசினால் மறுபடி வராதா?

பதில்: வரும், ஆனால் துடைத்தால் போய்விடும். அதுதான் மெழுகின் லாபம். முதலில் கறுப்புத் துணியால் ஜெல்கோட்டைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் பரப்பு வெயிலில் நைந்துவிட்டது. அப்படியே மெழுகு பூசிப் பயனில்லை. மிருதுவான காம்பவுண்ட் (மேற்பரப்பை லேசாக உரசி எடுக்கும் பசை), பாலிஷ், அப்புறம் மெழுகு என்று போங்கள். கோடு விழும் தடத்துக்கு மட்டும் அவ்வப்போது கூடுதலாக ஒரு பூச்சு கொடுங்கள். நடக்கும் இடத்தில் மட்டும் மெழுகு வேண்டவே வேண்டாம், வழுக்கி விழுவீர்கள்.

கேள்வி: பாலியூரித்தேன் பெயின்ட் அடித்த படகுக்கும் இதேதானா?

பதில்: காம்பவுண்டைத் தொடாதீர்கள். பளபளப்பு அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. மிதமான சோப்பு, பெயின்ட் கம்பெனி அனுமதிக்கும் பூச்சு, அவ்வளவுதான்.

கேள்வி: ஜன்னலைச் சிலிகான் போட்டு ஒட்டிய பிறகுதான் எனக்குக் கோடுகள் வந்தன. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. சில சிலிகான்களிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து கீழே பரவும், தூசி அதில் ஒட்டும். எவ்வளவு மெழுகு பூசினாலும் நிற்காது. சிலிகானைச் சுரண்டி முழுவதும் எடுங்கள். உலோகச் சட்டம் போட்ட ஜன்னல் என்றால் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து மறுபடி இறுக்கலாம். பாலிசல்ஃபைடு என்ற அடைப்புப் பசையின் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக் கண்ணாடியை அது அரித்துவிடும்.