எட்டு வருடத்தில் காணாமல் போன வாக்காளர்கள்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பர்களுக்கு 1870-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. 95 வருடம் அதைப் பயன்படுத்தாமல் இருந்துவிட்டு 1965-இல் போராடினார்கள் என்றால், அது அவர்களுடைய அலட்சியம்தானே? (வாசகர், விருதுநகர்)

பதில்: அலட்சியம் என்று சொல்லாதீர்கள். தெற்கு மாநிலங்களில் ஒன்றான லூசியானாவில் 1896-இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர். எட்டு வருடத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து துரத்தியிருக்கிறார்கள்.

1870-இல் வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம் ஆண்களுக்கு மட்டும்தான் பயன்பட்டது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது ஆகியவற்றைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. சரி, வேறு காரணம் காட்டினால்? வாக்காளர் பதிவு அங்கே மாநிலங்களின் கையில். தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி, கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைப் படித்து விளக்கச் சொன்னார்கள். விளக்கம் சரியா தப்பா என்று தீர்மானித்தவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளை அதிகாரி. படிக்காத வெள்ளையர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே! அதற்காக 1898-இல் லூசியானா ஒரு விதி போட்டது: 1867 ஜனவரி 1 அன்று அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டு இருந்திருந்தால் பரீட்சை கிடையாது. கறுப்பர்களுக்கு அந்த மாநிலத்தில் ஓட்டு வந்ததே அந்தத் தேதிக்கு அப்புறம்தான்.

இதையெல்லாம் செய்தது தெற்கின் ஜனநாயகக் கட்சி. இதற்கு முடிவு கட்ட வந்த 1965 வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜான்சனும் அதே கட்சிக்காரர், அதுவும் டெக்சாஸ்காரர்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஃபேனி லூ ஹேமரைப் பற்றித் தேடிப் படியுங்கள். பருத்திக் காட்டில் வேலை பார்த்தவர். தனக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே 1962-இல், 44 வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. பெயரைப் பதியப் போனார். அன்றே, 18 வருடம் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதற்கப்புறமும் அவர் விடவில்லை. மற்றவர்களும் விடவில்லை. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில், ஓட்டுரிமை கேட்டு, பாலத்தைத் தாண்டி ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்ததில், ஊர்வலத்தை நடத்திச் சென்றவர்களில் ஒருவரான ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது.

அந்த ஆகஸ்டில் சட்டம் வந்தது. தெற்கில் எழுத்தறிவுப் பரீட்சை நிறுத்தப்பட்டது. பெயர் பதிய மத்திய அரசே ஆள் அனுப்பியது. மிசிசிப்பியில் அதற்கு முன் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இரண்டே வருடத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட அறுபது பேர். அலட்சியக்காரர்கள் என்று நீங்கள் சொன்னது இவர்களைத்தான்.