மெக்கானிக் பதில்கள்: இருட்டில் தெரியும் பச்சைத் திட்டு

(பதில் சொல்பவர், சேலம் ஐந்து ரோடு பக்கம் டிவி, மொபைல் சர்வீஸ் பெஞ்ச் வைத்திருப்பவர்.)

சிவதாபுரம் வெள்ளிப் பட்டறை வாசகர்: எங்கள் கடை எல்இடி போர்டில் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, நாலில் ஒன்றுதான் எரியும் என்று மாட்ட வந்தவர் சொன்னார். மொபைல் திரையும் அப்படித்தானா? கொலுசு பார்க்கிற லென்ஸில் என் போன் திரையைப் பார்த்தேன். பச்சைப் புள்ளிகள் மட்டும் அதிகமாக இருக்கின்றன. ஏன்?

அவர் சொன்னது சரி. கடைகளில் மாட்டும் பி10 பலகை ஒன்றில் 32-க்கு 16 என்று 512 விளக்குகள். 16 வரிசையில் ஒரு நேரத்துக்கு 4 வரிசைதான் எரியும். வேகமாக மாற்றி மாற்றி எரிப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாலில் ஒரு பங்கு நேரம் என்பதால் விளக்கை நாலு மடங்கு பிரகாசமாக எரித்துச் சரிக்கட்டிவிடலாம்.

போன் திரையில் 2400 வரிசை இருக்கும். அங்கே வரிசை வரிசையாக எரித்தால், தன் முறை வரும்போது ஒவ்வொரு புள்ளியும் 2400 மடங்கு எரிய வேண்டும்; கருகிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஞாபகசக்தி கொடுத்தார்கள். ஒரு டிரான்சிஸ்டர் கதவைத் திறந்து வோல்டேஜை உள்ளே விடும். ஒரு கெபாசிட்டர் அதைப் பிடித்து வைக்கும். இன்னொரு டிரான்சிஸ்டர் அதைப் பார்த்து அடுத்த முறை வரும்வரை கரண்ட் விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி மேல் மெல்லிய படலமாக டிரான்சிஸ்டர் செய்து திரை ஓட்டலாம் என்று 1970-களிலேயே அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் பிராடியின் குழு செய்து காட்டியது. புள்ளி தானே எரியும் ஓஎல்இடி வந்தது அப்புறம்தான்: கோடாக்கில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்டார்கள்.

பச்சை விஷயத்தை நீங்களாகவே லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். நம் கண் நுணுக்கத்தைப் பச்சையில்தான் அதிகம் பார்க்கும். அதனால் பல திரைகளில் பச்சையை முழு எண்ணிக்கையில் வைத்து, சிவப்பையும் நீலத்தையும் பாதியாக்கிவிடுகிறார்கள்.

ஏற்காடு, நாகலூர் வாசகி: ராத்திரி கரண்ட் போனால் இங்கே கும்மிருட்டு. வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து மொபைலில் படிப்பேன். சாம்பல் நிறப் பக்கத்தில் பச்சையாகத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. பகலில் ஒன்றும் இல்லை. டவுனில் ஒரு கடையில் டிஸ்ப்ளே போச்சு என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா சார்?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிய மாடலில் இருப்பது ஓஎல்இடி திரை. பின்னால் தனி விளக்கு கிடையாது. புள்ளி தானே எரியும், போகிற கரண்டுக்கு ஏற்ற வெளிச்சம். கரண்டை அளந்துவிடும் டிரான்சிஸ்டர் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினால்தான் திறக்கும். அதை த்ரெஷோல்டு என்போம். அது எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. சிலிக்கான் படலத்தை லேசரால் உருக்கிப் படிகமாக்கும்போது இடத்துக்கு இடம் படிகம் வேறு மாதிரி உறைந்துவிடும்.

த்ரெஷோல்டுக்கு மேலே இருக்கிற வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் கரண்ட் போகும். மேலே 2 வோல்ட் இருந்து, பக்கத்துப் புள்ளியில் 0.1 கூடினால் கரண்ட் 10 சதவீதம் ஏறும், கண் கண்டுகொள்ளாது. மேலே 0.3 வோல்ட்தான் என்றால் அதே 0.1-க்கு 78 சதவீதம் ஏறிவிடும். தெருக்குழாய்களை முழுக்கத் திறந்தால் எல்லாம் ஒன்றுபோல் கொட்டும். சொட்டுச் சொட்டாக விடும்போதுதான் எந்தக் குழாய் எப்படி என்று தெரியும், அதே கதைதான்.

இதைச் சரிசெய்யத்தான் போன்களில் புள்ளிக்கு 7 டிரான்சிஸ்டர் வரை வைக்கிறார்கள். படத்தின் வோல்டேஜை எழுதும் நொடியில் அந்த டிரான்சிஸ்டரை அதன் த்ரெஷோல்டு வரை தானாக இறங்கி நிற்க விட்டு, அந்தக் குறையையும் சேர்த்தே கெபாசிட்டரில் பிடித்துவிடுவார்கள். அப்புறம் கரண்ட் கணக்கில் த்ரெஷோல்டு அடிபட்டுப் போகும். இத்தனை நுணுக்கமான வேலை கண்ணுக்கே தெரியாத புள்ளிக்குள் நடக்கிறது என்பதை எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் நேரம் குறைவு: நொடிக்கு 60 படம் என்றால் 2400 வரிசையில் ஒரு வரிசைக்கு சுமார் 7 மைக்ரோநொடி. 120 படம் என்றால் அதில் பாதி. அதற்குள் சரியாக இறங்கி நிற்காவிட்டால் மிச்சம் திட்டாகத் தெரியும்.

அதனால் முதலில் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 60-க்கு மாற்றிப் பாருங்கள். அடுத்து, ஃப்ளிக்கர் குறைப்பு, டிசி டிம்மிங் என்று ஏதாவது ஆன் ஆகியிருந்தால் அணைத்துப் பாருங்கள். வழக்கமாகக் குறைந்த வெளிச்சத்தில் கரண்டை அதிகம் குறைக்காமல், வேகமாக அணைத்து அணைத்து எரிப்பார்கள். இந்தச் செட்டிங் ஆன் ஆனால் அப்படி அணைத்து எரிப்பது நின்று கரண்டே சொட்டாகிவிடும், திட்டு வெளியே வரும். அணைத்து எரிப்பதில் சிலருக்குத் தலைவலி வரும். உங்களுக்கு வந்தால் திட்டோடு இருப்பதே மேல். புது போன் என்றால், இருட்டில் எடுத்த படத்தோடு கம்பெனி சர்வீஸில் கேளுங்கள்.

அம்மாப்பேட்டை மாணவர்: என் பழைய போனில் கீபோர்டு தடம் அப்படியே பதிந்துவிட்டது. இதுவும் டிரான்சிஸ்டர் கோளாறா?

இல்லை தம்பி. ஒளிரும் பொருளே தேய்ந்துவிட்டது; கரண்ட் சரியாகப் போனாலும் வெளிச்சம் குறைவாக வரும். நீலம்தான் முதலில் தேயும். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாலும் கீபோர்டு உருவம் தெரிகிறதா பார். தெரிந்தால், எந்தச் செட்டிங்கும் அதை மாற்றாது.