மாத்திரை போடுவதால் தோற்றுவிட்டேனா?

கேள்வி: எனக்கு 71 வயது. 12 வருடமாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். மூட்டுத் தேய்மானமும் உண்டு. என் வயது நண்பர் ஒரு மாத்திரைகூடப் போடுவதில்லை. ‘வெற்றிகரமான முதுமை’ என்று எங்காவது படித்தால், நான் தோற்றுவிட்டேனோ என்று தோன்றுகிறது. அப்படித்தானா டாக்டர்?

பதில்: இல்லை. அந்தச் சொல்தான் உங்களைக் குழப்புகிறது. ஜான் ரோவ், ராபர்ட் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே அது பரவலானது. பின்னர் அவர்கள் வகுத்த இலக்கணத்தில், நோயும் முடக்கமும் வரும் வாய்ப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதை அப்படியே பிடித்துக்கொண்டால் எழுபதைத் தாண்டியவர்களில் பலர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ரத்த அழுத்த மாத்திரை போடும் நானும் அந்த வரிசையில் வருவேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வேறு கேள்வியை முன்வைத்தது: உங்களுக்கு முக்கியமானதை உங்களால் செய்ய முடிகிறதா? இதில் உடம்பு மட்டும் கணக்கில்லை. படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா என்பதும் சேரும்.

பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் முதுமையில் என்ன செய்தார் என்பதை உளவியலாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். குறைவான பாடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றையே கூடுதலாகப் பயிற்சி செய்தார். வேகமான பகுதிக்குச் சற்று முன்னால் நிதானமாக வாசிப்பார். அடுத்து வருவது தானாகவே வேகமாகக் கேட்கும். விரல்கள் தளர்ந்தது உண்மைதான், கச்சேரி நிற்கவில்லை. உங்கள் முழங்காலுக்கும் இதே தந்திரம் பொருந்தும். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சரி, உடம்புக்கு? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். சிரமமாக இருந்தால் தொடைத் தசை தளர்ந்திருக்கலாம். பயிற்சியால் எந்த வயதிலும் அதைத் தேற்றலாம். வாரம் 150 நிமிட நடை, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் உடல் சமநிலைப் பயிற்சி. மூட்டு வலித்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். அப்புறம், காது மந்தமாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு சரியாகக் கேட்காதவர்தான் மெல்ல மெல்லக் கூட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லையென்றால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிட வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு.

உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தார்? மாத்திரை போடாதவர்களில் சிலர் நோயில்லாதவர்கள். சிலர் பரிசோதித்தே பார்க்காதவர்கள்.