ஃபைன் கட்டியதும் தண்டனைதான்

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இருபது வருஷமாகப் பணி வழக்குகள் நடத்தி வருகிறேன். என் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவர். அதனாலோ என்னவோ, நர்ஸ், ஃபார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் என்று யாராவது கேஸ் கட்டோடு படியேறி வந்தால் அவர்களுக்கு மட்டும் காபி கொஞ்சம் சீக்கிரம் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அவர்களுடையவை. எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்கள்: பழைய கேஸ் இருந்தால் இந்த வேலைக்கு வர முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 24. பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். 2022-ல் எங்கள் தெருக் குழாயடியில் சண்டை. சித்தி, பக்கத்து வீட்டு அம்மாவைக் குடத்தால் இடித்துத் தள்ளிவிட்டார். நான் விலக்கிவிடத்தான் போனேன். புகாரில் என்னையும் சேர்த்து மூன்று பேர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) பிரிவுகளைப் போட்டார்கள். கோர்ட்டில் எங்கள் வக்கீல், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, இன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார். ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினோம். இப்போது நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா? இரண்டு வருஷம் கழித்து லண்டன் போகவும் ஆசை. ஏஜென்ட், "அதையெல்லாம் வாயே திறக்காதீங்க" என்கிறார். என்ன செய்வது மேடம்?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: 294(பி), 323, 506(1). இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். குழாயடியோ, வரப்புத் தகராறோ, அடுத்த வீட்டுக் கோழி செத்ததோ, எதற்குச் சண்டை வந்தாலும் நம் ஊர் எஃப்.ஐ.ஆரில் இந்த மூன்றும் கைகோத்துக்கொண்டு வரும். கெட்ட வார்த்தையால் திட்டினார், அடித்தார், மிரட்டினார். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் எண்கள் 296(பி), 115(2), 351(2) என்று மாறிவிட்டன. கூட்டணி மாறவில்லை.

ஆனால் "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க" என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். மொத்தம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் நடந்தது சமரசம் இல்லை அம்மா. சட்டப்படி நீங்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்கள். பஸ் டிக்கெட் எடுக்காததற்குக் கட்டுகிற அபராதம் மாதிரி நினைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. வராண்டாவில் நின்றபோது யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களைப் போலவே ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். பவன் குமார் எதிர் ஹரியானா அரசு, 1996-ல் வந்த தீர்ப்பு. அவர் மீதும் இதே 294-தான். ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டினார். அந்த இருபது ரூபாய்க்காக அரசு வேலை போனது. உச்ச நீதிமன்றம், 294-ல் தண்டனை பெற்றாலே அது ஒழுக்கக்கேடான குற்றம் ஆகிவிடாது என்று சொல்லி அவர் பக்கம் நின்றது. சின்ன கோர்ட்டுகளில் ஆயிரக்கணக்கான பேர் அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொண்டு சிறு தொகை கட்டிவிட்டுப் போகிறார்கள், 2,000 ரூபாய் வரையான வெறும் அபராதத்தை அரசு வேலைக்குத் தடையாக்காதபடி பாராளுமன்றம் ஏதாவது செய்யட்டும் என்றும் எழுதியது. அந்தக் கடைசிப் பகுதி பரிந்துரைதான், சட்டம் அல்ல. இருந்தாலும் உங்கள் 1,500 ரூபாய்க்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கவுன்சில். நம் மாநில நர்சிங் கவுன்சில் 1926-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. பதிவு என்பது முதலில் உங்கள் படிப்பைப் பார்க்கிற காரியம். பிறகு தவறு செய்தால் பெயரை நீக்குகிற அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு. டாக்டர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகளில், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குக் கோர்ட்டில் தண்டனை பெற்றால் அதுவே தொழில்முறைத் தவறு என்று இருக்கிறது. எந்தக் கவுன்சிலுக்குப் போனாலும் உள்ளே ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளிடம் ஒரு நோயாளியை ராத்திரி தனியாக ஒப்படைக்கலாமா? மருந்து திருடியவர், படுத்துக்கிடப்பவரிடம் கைவைத்தவர், போலிச் சான்றிதழ் கொடுத்தவர், இவர்கள் வேறு கணக்கு. குழாயடிச் சண்டைக்காகப் பதிவு நின்றுபோன நர்ஸை இந்த இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. விண்ணப்பியுங்கள். கேட்டால் சொல்லுங்கள்.

"கேட்டால் சொல்லுங்கள்" என்று சும்மா சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன் ஒரு லேப் டெக்னீஷியன் தம்பி வந்தார். அரசுப் பணிக்குத் தேர்வாகி, சேர்ந்து, நாலாவது மாதம் உத்தரவு ரத்து. கல்லூரி நாட்களில் பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு கைகலப்பு. அதில் விடுதலையே ஆகிவிட்டார். பிறகென்ன? விண்ணப்பத்தின் நகலை மேஜையில் விரித்தார். "உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்குப் பதிவாகியுள்ளதா?" அதற்கு நேரே "இல்லை". அதற்குக் கீழே வரிசையாக ஏழெட்டுக் கேள்வி, எல்லாவற்றுக்கும் "இல்லை". பிரவுசிங் சென்டர் பையன் மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே போயிருக்கிறான். தம்பி அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பியது கைகலப்பு இல்லை, அந்த ஒரு கட்டம். மறுபரிசீலனைக்கு உத்தரவு வாங்க மூன்று வருஷம் ஆனது. வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் கூடத் தேர்வானவர்கள் மூன்று இன்க்ரிமென்ட் முன்னால் போய்விட்டார்கள்.

அவருக்குக் கை கொடுத்தது 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த அவதார் சிங் தீர்ப்பு. சரிபார்ப்புப் படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை எதையும் மறைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இள வயதில் கோஷம் போட்டது மாதிரி அற்ப வழக்காக இருந்தால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. இதெல்லாம் நமக்குச் சாதகம். உண்மையைச் சொன்ன பிறகும் முழுப் பின்னணியையும் பார்த்து வேண்டாம் என்று சொல்கிற உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் லண்டன். அந்த ஏஜென்டை மாற்றுங்கள். அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்கிற என்.எம்.சி., உடல்நலத்தோடு நடத்தையைப் பற்றியும் உறுதிமொழி கேட்கும். எந்த நாட்டில் வாங்கிய தண்டனையானாலும் அதில் வரும். பழைய குற்றங்களை மறந்துவிடச் சொல்லும் 1974-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே உண்டு. ஆனால் நர்ஸ் போன்ற வேலைகளுக்கு 1975-ல் விதிவிலக்குக் கொடுத்துவிட்டார்கள். 18 வயதுக்கு மேல் வாங்கிய தண்டனை, சிறை இல்லாததாகவும் கடுமையான குற்றப் பட்டியலில் சேராததாகவும் இருந்தால், 11 வருஷம் கழித்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த 11 வருஷம் ஆகவில்லை. ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் விளக்கம் கேட்பார்கள், கொஞ்சம் தாமதமாகலாம். மறைத்துப் பதிவு வாங்கி, பின்னால் தெரிந்தால், பொய் சொல்லி வாங்கிய பதிவு என்று பெயரையே எடுத்துவிடுவார்கள். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இப்போதே செய்ய வேண்டியது: கேஸ் நடந்த கோர்ட்டில் நகல் மனு போட்டு எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஜெராக்ஸ் செல்லாது. வழக்குக்கு 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். நம்பர் ஒன்று இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் என்ன தெரிகிறதோ அதைத்தான் ஏஜென்சிக்காரர்களும் பார்ப்பார்கள். அபராத ரசீதைச் சித்தியிடமிருந்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். (எனக்குத் தெரிந்து இந்த மாதிரி ரசீதுகள் எல்லாம் சித்தி வீட்டு அரிசி டப்பாவில்தான் இருக்கும்.) பிறகு நடந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். சித்தியைத் திட்டாமல் எழுதுங்கள். அடுத்தவர் மேல் பழி போடுகிற கடிதம் யாருக்கும் பிடிக்காது.

உங்களுக்கு உதவாது, ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட கேஸில் கண்டித்து விடும்படியோ நன்னடத்தைப் பிணையில் விடும்படியோ அதன் கீழ் கேட்கலாம். கிடைத்துவிட்டால், அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு உங்களைத் தொடாது என்று 12-வது பிரிவு சொல்கிறது. படிக்கிற பிள்ளை கூண்டில் நின்றால், ஒப்புக்கொள்வதற்கு முன் வக்கீலிடம் இந்தச் சட்டத்தின் பெயரை உரக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் டி.ஃபார்ம். முடித்து மெடிக்கல் ஷாப்பில் ஃபார்மசிஸ்டாக இருந்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் பையன்களுக்கு வலி மாத்திரை விற்றதாகக் கடை மீதும் அவன் மீதும் கேஸ். முதலாளி, "ஃபைன் கட்டிடலாம், லைசென்ஸ் என்னோடதுதானே" என்கிறார். சரியா?
– ஓர் அப்பா, விருதுநகர்

பதில்: சரியில்லை. கடை லைசென்ஸ் முதலாளியுடையது, மருந்துச் சட்டத்தின்படி கொடுப்பது. ஃபார்மசிஸ்ட் பதிவு உங்கள் மகனுடையது, 1948-ம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின்படி வருவது. முதலாளி இன்னொரு பெயரில் கடை திறப்பார். மகனுக்கு இன்னொரு பெயர் கிடையாது. அந்தச் சட்டத்தின் 36-வது பிரிவு, தண்டனை பெற்ற குற்றம் இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவர் என்று காட்டினால் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம் என்கிறது. அதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

மேலே தேனிப் பெண்ணுக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்ல முடியாது. அது தெருச் சண்டை, இது வேலை மேஜையில் நடந்தது. மகன் உண்மையில் என்ன செய்தான் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். மாத்திரையை அவன் கையால் கொடுத்தானா, அல்லது அவன் சர்டிஃபிகேட் சுவரில் தொங்க வேறொருவர் கொடுத்தாரா? இரண்டாவது என்றாலும் சந்தோஷப்பட வேண்டாம். சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விடுவது அதைவிட மோசமான கேள்விகளைக் கொண்டுவரும். முதலாளியின் வக்கீல் வேண்டாம், தனி வக்கீல் வையுங்கள். கடை ரெஜிஸ்டர், பில் புத்தகம், அன்று யார் டியூட்டி என்பதற்கான சாட்சி எல்லாம் இப்போதே எடுக்கப்பட வேண்டும். ஆறு மாதம் போனால் காணாமல் போகும்.

கேள்வி: 15 வயதில் செல்போன் திருட்டு கேஸில் சிக்கி, சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்தது. இப்போது ஜி.என்.எம். நர்சிங் படிக்கிறேன். படிவத்தில் "கேஸ் உண்டா" என்று கேட்டால்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு, அந்த வயதில் நடந்ததால் எந்தத் தகுதியிழப்பும் உங்களுக்கு வரக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்த ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் இது பொருந்தாது. நீங்கள் அதில் இல்லை. கேள்வி "தண்டனை உண்டா" என்று இருந்தால் தயங்காமல் "இல்லை" என்று எழுதுங்கள், பொய் ஆகாது. "எப்போதாவது வழக்குப் பதிவானதா" என்று அகலமாகக் கேட்டிருந்தால், "சிறார் நீதிச் சட்டம் 24-வது பிரிவின்படி பாதுகாக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்ப்பது என் பழக்கம். தேவை இல்லை என்று சொல்லும் வக்கீல்களும் உண்டு. எனக்கு அந்த லேப் டெக்னீஷியன் தம்பியின் படிவம் நினைவுக்கு வந்துவிடும். குழுமத்தில் இன்னும் ஆவணம் இருக்கிறதா என்று ஒரு மனு போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: லாக்டவுனில் நைட் டியூட்டி முடித்து வரும்போது பைக்கைப் பிடித்து கேஸ் போட்டார்கள். அரசு வாபஸ் வாங்கிவிட்டது என்கிறார்களே?
– ஸ்டாஃப் நர்ஸ், திண்டுக்கல்

பதில்: 2021 பிப்ரவரியில் அரசு அப்படி அறிவித்தது. ஆனால் மேடையில் அறிவித்தது உங்கள் கோர்ட் பதிவேடு வரை வந்து சேர்ந்ததா என்பது தனி. பைக்கை ஸ்டேஷனில் திரும்ப வாங்கும்போது எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, பணம் கட்டினீர்களா? கட்டியிருந்தால் அந்தச் சீட்டைத் தேடுங்கள். அது கோர்ட் ரசீது என்றால் தேனிக்கு எழுதிய பதிலை இன்னொரு தரம் படித்துவிட்டு, நகல் மனுவோடு கோர்ட்டுக்குப் போங்கள். டியூட்டி ரோஸ்டரின் அன்றைய பக்கத்தையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.