ஆக்சுவரிகளின் தொடர் கல்வி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

காப்பீடு, பணிக்கொடை போன்றவற்றில் வருங்காலச் செலவையும் ஆபத்தையும் கணக்கிடுபவர்கள் ஆக்சுவரிகள். தேர்வெல்லாம் எழுதி ஃபெல்லோ, அதாவது முழுத் தகுதி பெற்ற உறுப்பினர், ஆன பிறகும் ஆண்டுதோறும் சி.பி.டி. எனப்படும் தொடர் தொழில்முறைப் பயிற்சிக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆக்சுவரிகளுக்கான லண்டன் சங்கத்திலும் மும்பை சங்கத்திலும் உறுப்பினராக இருக்கிறேன். ஒரே கருத்தரங்கை இரண்டு இடத்திலும் காட்டலாமா?

காட்டலாம். கற்றது ஒன்றுதான், பதிவுதான் இரண்டு. லண்டன் கணக்கு ஆண்டுக்கு 15 மணி நேரம், செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. 2020-ல் அவர்கள் திட்டத்தை மாற்றினார்கள். உறுப்பினர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து அழைத்து, என்ன கற்றீர்கள், அதனால் வேலையில் எது மாறியது என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. சான்றிதழ்களை அடுக்கி வைத்திருப்பவர் இந்தப் பேச்சில் திணறிவிடுவார். நான் ஒரு நோட்டில் மூன்றே வரி எழுதுகிறேன்: எது தெரியாமல் இருந்தது, எது தெரிந்தது, எந்தக் கோப்பில் பயன்பட்டது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்த மணி நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நியூ ஜெர்சிக்கு மாறி வந்திருக்கிறேன். இங்கே 30 மணி என்கிறார்களே?

கையெழுத்திட்டுக் கருத்துரை தருபவர்களுக்கு அமெரிக்கத் தகுதி விதிகள் கேட்பது ஆண்டுக்கு 30 மணி. ஆனால் அங்கே ஒரு மணி என்பது 50 நிமிடம். அதில் மூன்று மணி தொழில் நெறி பற்றியதாகவும், ஆறு மணி பிறரோடு சேர்ந்து கற்கும் ஏற்பாடாகவும் இருக்க வேண்டும். டிசம்பர் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கோவையில் தனியாக கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, மதிப்பீடு செய்கிறேன். கூடப் பேச ஆள் இல்லை, மும்பை மாநாட்டுக்குப் போகச் செலவும் கட்டுப்படியாகவில்லை. எதைக் கற்பது?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. உங்களுக்கான பாடம் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியம் என்பதன் பொருளே மாறிவிட்டது. ஊதியத்தில் சேராமல் விலக்கப்பட்ட, வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதி ஊதியத்தோடு சேரும்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மொத்தச் சம்பளம் 40,000 ரூபாய், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000, பத்தாண்டுப் பணி. பழைய முறையில் 12,000 × 15/26 × 10 (மாதத்துக்கு 26 வேலை நாள், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்), அதாவது 69,231 ரூபாய். புதிய முறையில் ஊதியம் 20,000 ஆகிவிடுகிறது; பணிக்கொடை 1,15,385. ஒரே ஆளுக்கு இவ்வளவு வித்தியாசம். இந்தக் கூடுதல் பொறுப்பு கடந்தகாலப் பணிச் செலவா (விதி மாறியதால் பழைய பணிக்கு ஏறிய செலவு), கணிப்பு நட்டமா (நம் ஊகங்கள் மாறியதால் வருவது)? இந்தியக் கணக்கியல் தரம் 19-ன்படி முதலாவது என்றால் லாப நட்டக் கணக்கில் நேரே விழும். இரண்டாவது என்றால் பிற முழுமை வருமானம் என்ற, லாப நட்டத்தில் சேராத தனிப் பகுதிக்குப் போகும். தணிக்கையாளர் கேட்கும் முன்பே இதற்கு விடை உங்களிடம் இருக்க வேண்டும். தரத்தின் அந்தப் பத்திகளைச் சனிக்கிழமை காலை உட்கார்ந்து படியுங்கள்.

இன்னொன்று. முன்பு ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு மதிப்பீடு செய்தபோது, ஐந்தாண்டு முடிக்காமல் விலகிப் பணிக்கொடை பெறாதவர்களே அதிகம் என்று பணிக்கொடைப் பொறுப்பை மிகச் சிறிதாக வைத்தேன். இப்போது குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. என் பழைய ஊகம் அவர்கள் விஷயத்தில் செல்லாது. உங்கள் கோப்புகளிலும் இப்படி ஒன்று இருக்கும், தேடுங்கள். கோவையிலும் திருப்பூரிலும் இருக்கும் தணிக்கையாளர் இருவரோடு மாதம் ஒருமுறை உட்காருங்கள். அந்த உரையாடலும் கற்றல்தான்.

பொதுக் காப்பீட்டில் ரிசர்வ் பிரிவில் (இனி தர வேண்டிய இழப்பீடுகளுக்குப் பணம் ஒதுக்கும் பிரிவு) இருக்கிறேன். பைதான் நிரல் மொழிச் சான்றிதழ் படிப்பு எடுக்கட்டுமா?

எடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஆர் என்ற நிரல் மொழியில், பழைய இழப்பீடுகளின் போக்கிலிருந்து வரப்போவதைக் கணிக்கும் செயின் லேடர் முறைக்கான தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் வாகன மூன்றாம் நபர் இழப்பீட்டு முக்கோணத்தை (எந்த ஆண்டு விபத்துக்கு எந்த ஆண்டில் எவ்வளவு பணம் போனது என்ற அட்டவணை) அதில் போட்டுப் பாருங்கள். பிறகு ஒரு நாள் விடுப்பு எடுத்து, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் அங்கேதான் நடக்கின்றன. மருத்துவச் சான்று வரவில்லை என்று வாய்தா, சாட்சி வரவில்லை என்று வாய்தா. உங்கள் முக்கோணத்தில் எட்டாம் ஆண்டிலும் ஏன் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் புரியும்.

1994 முதல் விபத்து இழப்பீட்டு மனுப் போடக் கால வரம்பே இல்லாமல் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு என்று ஆக்கி, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கடந்தகாலப் போக்கே தொடரும் என்று நம்புவது செயின் லேடர். சட்டம் மாறிய ஆண்டில் அந்த நம்பிக்கை உடைகிறது. எந்த நிரலும் இதை உங்களுக்குச் சொல்லித் தராது.

குழந்தைக்காக நான்கு ஆண்டு வேலையை விட்டிருந்தேன். எங்கே தொடங்குவது?

ஆயுள் காப்பீடு என்றால் காப்பீட்டு ஒப்பந்தக் கணக்கியல் தரம் 17-ல் தொடங்குங்கள் அம்மா. 2023 ஜனவரி முதல் உலக அளவில் அமலில் இருக்கிறது. இந்தியாவில் இந்தியத் தரம் 117 என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. அறிக்கைகளைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஐந்தாண்டுத் தவணையுள்ள ஒரே ஒரு பாலிசியை எக்செலில் எழுதி, ஈட்டப்படாத லாபம் (பாலிசி ஓட ஓடத்தான் கணக்கில் வரும் லாபம்) ஆண்டுதோறும் எப்படிக் கரைகிறது என்று கையாலேயே போட்டுப் பாருங்கள். இரண்டு மாலைப் பொழுது போதும். நேர்காணலில் அந்தத் தாளைப் பற்றியே பேசலாம்.

மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தால் அது கணக்கில் வருமா?

தயாரிப்பில் நீங்கள் புதிதாகக் கற்றது வரும். ஐந்தாவது முறை அதே பாடத்தை நடத்துவதைக் காட்டாதீர்கள். மதுரையில் யாராவது மாணவர்கள் சி.எஸ்.2 என்ற ஆக்சுவரித் தேர்வுத் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தால், இறப்பு விகிதப் பாடத்துக்கு என்னையும் அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியும்.